மருமகள் வயிற்றில் ஒரு பன்னீர் திராட்சை

சுருளிப்பட்டி மதன்குமாரை நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். ஆள் கறுப்பு என்று சொல்லுங்கள், சிரிப்பான். மீசை கோணல் என்று சொல்லுங்கள், வண்டிக் கண்ணாடியில் பார்த்துத் திருத்திக்கொள்வான். அவன் தோட்டத்துப் பன்னீர் திராட்சையை மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லிவிடக் கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவான்.

அப்பேர்ப்பட்டவன் தன் தங்கை ஹேமாவதியைக் கட்டிக்கொடுத்த இடம் எது தெரியுமா? ஓடைப்பட்டி! அங்கே விளைவது விதையில்லாத திராட்சை. சம்பந்தம் பேசிய நாளிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நகை, நட்டு, சாப்பாடு என்று எந்தத் தகராறும் வந்ததில்லை. வந்ததெல்லாம் யார் பழம்தான் பழம் என்கிற ஒரே தகராறுதான்.

மாப்பிள்ளை திலீபன் பாவம், வாய் இல்லாத பிள்ளை. சண்டைக்கு நிற்பது அவனுடைய அக்கா சொர்ணலதா. அதே தெருவில் வாக்கப்பட்டவள். தம்பி வீட்டில் கடுகு தாளித்தால் என்ன குழம்பு என்று தன் வீட்டில் இருந்தபடியே சொல்லிவிடுவாள்.

"ஏப்பா மதனு, ஒம் பழத்தத் தின்னா, பக்கத்துல விதையத் துப்ப ஒரு சட்டி வேணும்ப்பா."

"நீங்க ஏன் மதினி பேச மாட்டீக! மருந்துத் தண்ணியில முக்கி முக்கி ஊதிப்போன பழத்தத் தின்னு பழகுன வாயில்ல அது!"

இப்படியே போய்க்கொண்டிருந்த சண்டைக்கு நடுவில்தான் ஹேமாவதிக்கு ஓவியா பிறந்தாள். மதன்குமாருக்கு மருமகள் என்றால் உயிர். பதினோராம் மாதத்தில் காதுகுத்து என்று முடிவானதும் கெடா வாங்கினான், கம்மல் வாங்கினான், ஃப்ளெக்ஸுக்கும் சொல்லிவிட்டான். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு அவன் ஆளுயரத்துக்கு நிற்பான். காது குத்திக்கொள்ளப் போகிற பிள்ளை ஒரு மூலையில் தபால்தலை அளவுக்கு இருப்பாள். அதற்குக் கீழே 'தாய்மாமன் மடியில் தங்கத்துக்குக் காதணி விழா' என்று கொட்டை எழுத்து. வெள்ளிக்கிழமை விழா. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிற உரிமை இருக்கிறதே, அதை நினைத்துத்தான் அவன் ஒரு மாதமாகத் தரையில் கால் பாவாமல் திரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, விழாவைப் பற்றிப் பேசலாம் என்று ஒரு கூடைப் பன்னீரைத் தூக்கிக் குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு ஓடைப்பட்டிக்கு வந்தான். வாசலிலேயே பிள்ளையின் வீறல் கேட்டது.

ஹேமாவதி தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நடந்தாள். முட்டிக் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, முகம் சிவந்து, அப்படி ஓர் அழுகை. திடீரென்று நின்றுவிடும். துணிபோலத் துவண்டு அம்மா தோளில் கிடப்பாள். சரி, தூங்கிவிட்டாள் என்று மூச்சுவிடுவதற்குள் மறுபடியும் காலை மடக்கிக்கொண்டு வீறுவாள்.

"வெடியக்காலையில இருந்து இப்படித்தாண்ணே. பால் குடிக்க மாட்டேங்குறா. குடிச்சதையும் கக்கிட்டா. இப்பப் பச்சையாக் கக்குறா."

அந்த நேரத்தில் சொர்ணலதா கொல்லைப்புறத்திலிருந்து பிள்ளையின் துணியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள். சிவப்பாக, ஜவ்வுபோல, கூழாக இருந்தது.

"பாத்துக்கங்க எல்லாரும். திராட்சச் சாறு. இங்கன எங்க வீட்டுல செகப்புப் பழம் ஏது? அங்கன மாமன் வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு முந்தாநேத்துத்தான வந்தா. நாஞ் சொல்லல?"

எப்போதும் சொல்லுக்குச் சொல் எகிறுகிறவன் அன்று வாயைத் திறக்கவில்லை. ஏனென்றால் அவன்தான் கொடுத்திருந்தான்.

முந்தாநாள் ஹேமாவதி ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், திராட்சைப் பந்தலுக்குள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனான். கொத்தைப் பார்த்து அவள் "ஊ... ஊ..." என்று கையை நீட்டினாள். ஹேமாவதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள், வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்று. மனசு கேட்குமா? ஒரே ஒரு பழத்தைத் தோல் உரித்து, நகத்தால் விதையை எடுத்து, சதையை நசுக்கி நாக்கில் தடவினான். பிள்ளை சப்புக்கொட்டிய சப்பைப் பார்த்து, "அடி என் ராசாத்தி, எது பழம்னு ஒனக்குத் தெரியுது பாத்தியா!" என்று குதித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்த விதைதான் அவன் நெஞ்சில் உருண்டது. எல்லா விதையையும் எடுத்தோமா? ஒன்று தப்பிப் போயிருக்குமோ? ஐயோ, நம் கையாலேயே பிள்ளைக்கு எமனை ஊட்டிவிட்டோமோ?

"தொக்கம் விழுந்திருக்கு. தொண்டையில, வயித்துல சிக்குனத ஊதி எடுக்குற ஆளு சின்னமனூர்ல இருக்காக. அஞ்சு நிமிசத்துல எடுத்துக் கையில குடுத்துருவாக" என்றாள் சொர்ணலதா.

"ஊதி எடுக்க இது என்ன அடுப்பா மதினி? வண்டியில ஏறுங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவன் ஆஸ்பத்திரி என்று சொன்னது பாதி பிள்ளைக்காக, பாதி மதினி சொன்னதைக் கேட்கக் கூடாது என்பதற்காக. அதில் எந்தப் பாதி பெரிய பாதி என்று அவனுக்கே தெரியாது. எப்படியோ வண்டி கிளம்பியது, அதுதான் நல்லது.

முன்னால் ஹேமாவதியும் சொர்ணலதாவும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். திலீபன் பின்னால் திராட்சைக் கூடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, துண்டால் மூக்கைத் துடைத்தபடி வந்தான். சின்னமனூர் தாண்டி, வீரபாண்டி தாண்டி வண்டி பறந்தது. பிள்ளை அழும்போது மதன்குமார் வண்டியை விரட்டினான். அழாமல் துவண்டு கிடந்தபோது இன்னும் விரட்டினான். அழுடி, என் தங்கம், அழு என்று வேண்டிக்கொண்டே ஓட்டினான்.

பழனிசெட்டிபட்டியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரி. ஞாயிற்றுக்கிழமை டியூட்டியில் இருந்த டாக்டர் ஜோதிகாவுக்குச் சொந்த ஊர் பண்ணைப்புரம். சின்ன வயசு, சிரித்த முகம். ஆனால் பிள்ளையைப் பார்த்ததும் சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு, மூச்சுவிடாமல் நர்சுக்கு வேலை சொன்னாள். கையில் ஊசி ஏறியது, சலைன் ஓடியது, மூக்கு வழியாகச் சன்னமான குழாய் போனது. பிள்ளை வீறிட்ட வீறலில் ஹேமாவதியும் சேர்ந்து அழுதாள்.

"வெளிய எப்படிப் போச்சு?" என்று கேட்டாள் டாக்டர்.

சொர்ணலதா ஆதாரத்தைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். பாலித்தீன் பையைப் பிரித்துக் காட்டினாள்.

"திராட்ச தின்னிருக்கு டாக்டரம்மா. அதான் இந்தக் கலரு. வேற ஒண்ணுமில்ல, தின்னது செமிக்கல."

"இந்த வயசுப் பிள்ளைக்குத் திராட்சையா? யாரு குடுத்தது?"

ஹேமாவதி புருஷனைப் பார்த்தாள். திலீபன் நான் இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டினான். சொர்ணலதா மதன்குமாரைப் பார்த்தாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆளுக்கு இன்னும் பேச்சே வரவில்லை. ஆனால் அந்தச் சாட்சி கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு கிடந்தாள்.

"நாந்தான் குடுத்தேன்" என்றான் மதன்குமார்.

"அண்ணே!" என்றாள் ஹேமாவதி.

சொர்ணலதாவுக்குச் சாமி வந்ததுபோல ஆகிவிட்டது. "கேட்டியாடி, கேட்டியா! ஒங்க அண்ணன் பழத்துக்குப் பெரும தேடப் பச்சப் புள்ளதானா கெடைச்சது? இந்தா சொல்லிட்டேன், காதுகுத்தும் கெடையாது, கெடாவும் கெடையாது. இனி ஒம் மடியில எங்க புள்ள ஒக்காராது!"

அது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. கண் கலங்கிவிட்டது. ஆனாலும் டாக்டர் பக்கம் திரும்பினான்.

"அவுக சொல்லட்டும் டாக்டரம்மா, எனக்கு வேணும். ஆனா நீங்க ஒண்ணு கேட்டுக்கங்க. தோல உரிச்சிட்டு உள்ள இருக்குற சதையத்தான் குடுத்தேன். பன்னீருல நெறமெல்லாம் தோலுலதான். உள்ள வெள்ளையாத்தான் இருக்கும். ஒரே பழம், அதுவும் நாக்குல தடவுன அளவு. இது பழத்துச் செகப்பு இல்லம்மா. விதை ஒண்ணு உள்ள போய் எங்கயோ கிழிச்சிருக்கு. இது ரத்தம்."

டாக்டரின் கை அதற்குள் பிள்ளையின் வயிற்றில் இருந்தது. விலா எலும்புக்குக் கீழே வலது பக்கம் ஏதோ உருட்டாகத் தட்டுப்பட, அங்கேயே விரல்கள் நின்றன.

"ரத்தந்தாண்ணே. துணியப் பாத்ததுமே எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. பழமா இருக்குமோன்னு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் நீங்க சொன்னதுல போச்சு. கிழிச்சிருக்கா, வேற என்னன்னு இப்பப் பாத்துருவோம்."

"ஞாயித்துக்கெழம ஸ்கேன் சென்டர் பூட்டியிருக்குமே டாக்டர்?" என்று மெதுவாகக் கேட்டான் திலீபன்.

"நாம எதுக்கு அங்க போகணும்? ஸ்கேன் இங்க வரும்."

வந்தது. சக்கரம் வைத்த ட்ராலியில் ஒரு மிஷின். கட்டிலை ஒட்டி நிறுத்தினாள். பிள்ளையை எங்கும் தூக்கிக்கொண்டு அலையவில்லை. தலை அம்மா கையில் இருந்தது, வயிறு மட்டும் டாக்டர் பக்கம். பசைபோன்ற ஜெல்லை உள்ளங்கையில் தேய்த்துச் சூடு பண்ணித் தடவினாள். சோப்புக்கட்டி அளவில் ஒரு கருவி, அதை வயிற்றின் மேல் வைத்து மெல்ல நகர்த்தினாள். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ நெளிந்தது. மதன்குமாருக்கு ஒன்றும் புரியவில்லை. மழைக் காலத்து டிவிபோல இருந்தது.

கருவி வலது பக்கம் வந்ததும் திரையில் ஓர் உருவம் நின்றது. உருண்டையாக, வட்டத்துக்குள் வட்டமாக, நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளியோடு.

"அந்தா! அந்தா பழம்!" என்று அலறினான் மதன்குமார். "தோலோட இருக்கே! முழுசா இருக்கே! நடுவுல விதை தெரியுதே!"

"ஆமா, விதையேதான்! எனக்கும் தெரியுது!" என்றாள் சொர்ணலதா.

சம்பந்தம் ஆன நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்றது அன்றைக்குத்தான். டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அய்யோ அண்ணே, அக்கா, கொஞ்சம் பொறுங்க. கத்தாதீக. அது பழமும் இல்ல, விதையும் இல்ல. அது பிள்ளையோட குடல். முழுக்கைச் சட்டைய வேகமாக் கழட்டுறப்பக் கை உள்ளாற மடங்கிப் போகும்ல? அந்த மாதிரி குடல் குடலுக்குள்ளயே சொருகிக்கிச்சு. குறுக்க பாக்குறதால வட்டம் வட்டமாத் தெரியுது. சொருகுன எடத்துல பாதை அடைச்சுப் போச்சு. அதான் பச்சையாக் கக்குறா. உள்ள நசுங்குன எடத்துல இருந்துதான் ரத்தம் வருது."

அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். அந்த வட்டத்துக்குள் சிவப்பும் நீலமுமாகப் பொட்டுப் பொட்டாக மினுங்கியது. டாக்டர் விட்ட மூச்சு எல்லாருக்கும் கேட்டது.

"ரத்தம் ஓடுது. குடல் நல்லா உசுரோட இருக்கு. இன்னும் தாமதமாயிருந்தா அழுக ஆரம்பிச்சிருக்கும். அப்ப வயித்தத் தொறந்து வெட்டுறதத் தவிர வழியே இல்ல. இப்போ அறுக்காம சரி பண்ணிப் பாக்கலாம். பின்பக்கமா ஒரு குழாய் வச்சு, வெதுவெதுப்பா சலைன் தண்ணிய விடுவோம். தண்ணி போற வேகத்துல சொருகுனது பின்னால நகந்து நகந்து அவுந்துரும். அத இதே மிஷின்லயே பாத்துக்கிட்டே செய்யலாம்."

"அவுறலன்னா?" என்று கேட்டாள் ஹேமாவதி.

டாக்டர் மறைக்கவில்லை. "அவுறலன்னா இன்னைக்கே ஆபரேஷன். நூத்துல ஒரு பிள்ளைக்குக் குடல் கிழியவும் வாய்ப்பிருக்கு. அதனால சர்ஜன் பக்கத்துல நிக்காம நான் தொடமாட்டேன்."

சர்ஜன் வேலுச்சாமி வீரபாண்டியில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டார். நெற்றியில் சந்தனம், பட்டு வேட்டி, சட்டைப்பையில் வெற்றிலை மடிப்பு. வந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டு வேட்டிக்கு மேலேயே பச்சை அங்கியை மாட்டிக்கொண்டார். "ஜோதிகா, நீ ஆரம்பி. அவுறலன்னா நான் பாத்துக்கிறேன். அவுந்துச்சுன்னா பாயசத்துக்குத் திரும்பிப் போயிருவேன்."

அந்தப் பேச்சில் ஹேமாவதிக்கே லேசாகச் சிரிப்பு வந்தது.

தலைப்பக்கம் அம்மா. கால் பக்கம் பிடிக்கத் தைரியமான ஒரு ஆள் வேண்டும் என்றாள் டாக்டர். திலீபன் முன்னால் வந்தான். பிள்ளையின் காலைப் பிடித்ததுமே கண்ணை இறுக மூடிக்கொண்டான். "நீங்க உக்காருங்க. மாமன் வாங்க" என்றாள்.

வாசலில் நின்ற சொர்ணலதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மதன்குமார் பிள்ளையின் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டான். மேலே தொங்கிய பையிலிருந்து தண்ணீர் இறங்கியது. திரையில் கறுப்பாகத் தண்ணீர் முன்னேறியது. அந்த வட்டத்தில் போய் முட்டியது. வட்டம் நகரவில்லை.

"போ... போயிரு... ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினான்.

வட்டம் கொஞ்சம் நகர்ந்தது. விலாவுக்குக் கீழிருந்து இறங்கி, அடிவயிற்றின் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே போய் நின்றுகொண்டது. சிறுகுடல் பெருங்குடலில் சேருகிற வாசல் அது, அங்கேதான் எப்போதும் மல்லுக்கட்டும் என்றாள் டாக்டர். நின்றது நின்றதுதான். பிள்ளை அழுது அழுது தொண்டை கம்மிப்போனாள். வேலுச்சாமி சிரிப்பை விட்டுவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தார்.

"தண்ணிய நிறுத்தும்மா. குடலு கொஞ்ச நேரம் ஆறட்டும். மறுபடி விடுவோம்."

அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அதைப்போல ஒரு நேரம் மதன்குமார் வாழ்க்கையில் வந்ததில்லை. மருமகள் தன் சின்னஞ்சிறு பாதத்தை அவன் உள்ளங்கையில் ஊன்றிக்கொண்டு கிடந்தாள். வாசலில் சொர்ணலதா குலதெய்வத்திடம் சத்தமாகவே பேரம் பேசிக்கொண்டிருந்தாள்: "ஆத்தா, புள்ளய நல்லபடியாக் குடுத்துரு. மாமன் வாங்குன கெடாவோட நானும் ஒரு கெடா வெட்டுறேன். பன்னீர் பழத்துலயே ஒனக்கு மால கட்டிப் போடுறேன்!" பன்னீர் என்று சொன்னாள். விதையில்லாததை அவள் வாய் சொல்லவில்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்படக்கூட அவனுக்குத் தெம்பில்லை.

தண்ணீரை மறுபடி திறந்தார்கள். வட்டம் ஆடியது. சிறுத்தது. டாக்டரின் கருவி அதைத் தொடர்ந்தது. பிறகு, படக்கென்று, வட்டம் இல்லை! இருந்த இடம் தெரியவில்லை. தண்ணீர் குபுகுபுவென்று அந்தப் பக்கத்துக் குடலுக்குள் பாய்ந்தது.

டாக்டர் கருவியை எடுக்கவில்லை. வயிறு முழுக்க இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். சர்ஜனைப் பார்த்தாள். அவர் அங்கியின் முடிச்சை அவிழ்த்தார்.

"அவுந்திருச்சு" என்றாள் ஜோதிகா. "சுத்தமா அவுந்திருச்சு."

"அப்ப எனக்குப் பாயசம்" என்று கிளம்பினார் வேலுச்சாமி.

ஹேமாவதி பிள்ளையின் நெற்றியில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஓவியா அழுகையை நிறுத்திவிட்டு, அம்மா ஏன் அழுகிறாள் என்பதுபோலப் பார்த்தாள். காலை வயிற்றோடு மடக்கவில்லை; நீட்டிக்கொண்டிருந்தாள். குழாயை எடுத்ததும் மதன்குமார் தாங்கமாட்டாமல் அவளை வாரி எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டான்.

நர்ஸ் "அய்யோ, துணி போடாமத் தூக்காதீக!" என்று சொல்லி முடிக்கவில்லை. உள்ளே போன தண்ணீர் அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. வேட்டி, சட்டை, செருப்பு எல்லாம் தெப்பம். பிள்ளை பெரிய வேலை ஒன்றை முடித்த நிம்மதியில் மாமனின் மீசையைப் பிடித்து இழுத்தாள். மதன்குமார் அசையவே இல்லை. மருமகளுக்கு எப்படி வசதியோ அப்படியே உட்கார்ந்திருந்தான்.

சொர்ணலதா உள்ளே வந்தாள். டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறமும் அவளுக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"அப்ப டாக்டரம்மா... இந்தப் பழம்?"

"பழத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லக்கா. ஆனா அண்ணே, ஒங்களுக்கும் சொல்றேன், முழுத் திராட்சைய மட்டும் சின்னப் பிள்ளைக கையில குடுத்துராதீக. தொண்டையில அடைச்சுக்கிரும்." மிஷினைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "இது அனேகமா, சளி காய்ச்சல் வந்து போனதுக்கு அப்புறம் வரும். குடல்ல சின்னச் சின்னதா நெறி கட்டி வீங்கும். அதப் பிடிச்சு இழுத்துக்கிட்டுக் குடல் உள்ள போயிரும். வீட்டுல யாருக்காச்சும் சளி இருந்து, பிள்ளைக்கும் போன வாரம்..."

"ஹச்!" என்றான் திலீபன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இவ்வளவு நேரமும் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்த விதையில்லாத மாப்பிள்ளை, துண்டால் மூக்கை மூடிக்கொண்டு மறுபடியும் தும்மினான். டாக்டர் முதலில் சிரித்தாள். அப்புறம் நர்ஸ். அப்புறம் ஹேமாவதி, அழுத கண்ணோடு.

"அட கூறுகெட்டவனே! ஒன் வேலதானா?" என்று தம்பி முதுகில் ஒன்று வைத்தாள் சொர்ணலதா.

"சும்மா இருங்கக்கா. சளி வர்றது அவரு குத்தமா? பிள்ளை ஒரு நாள் இங்கன இருக்கட்டும். சில பிள்ளைகளுக்குத் திரும்பவும் சொருகும், நான் மிஷினக் கொண்டாந்து பாத்துக்கிட்டே இருப்பேன். நல்லா இருந்தா, சொன்னபடி வெள்ளிக்கெழமை காது குத்தலாம்."

வெள்ளிக்கிழமை என்றதும் மதன்குமார் தலையைக் குனிந்துகொண்டான். இனி ஒம் மடியில எங்க புள்ள ஒக்காராது என்று சொன்னது சொன்னதுதானே. பிள்ளையை எடுத்து மதினியிடம் நீட்டினான். ஓவியா கையை உதறிக்கொண்டு மறுபடியும் அவன் சட்டையையே பிடித்தாள்.

சொர்ணலதா பிள்ளையை வாங்கவில்லை. அவனை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை பார்த்தாள். சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து அவளுக்கே கண் நிறைந்துவிட்டது. குரலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஏப்பா மதனு, வெள்ளிக்கெழம வர்றப்ப நல்ல காஞ்ச வேட்டியாக் கட்டிக்கிட்டு வா. மடி ஈரமா இருந்தா எம் புள்ளைக்குச் சளி பிடிச்சுக்கிரும்."